அடைக்கக் கூடாத ஓட்டை

ஷவர் டெஸ்ட் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதித் தரும்படி கேட்டார்கள். மெஷின் எப்படி ஓடும், எந்தக் குழாய் எந்தப் பக்கம் பீய்ச்சும், வண்டி எவ்வளவு நேரம் உள்ளே நிற்க வேண்டும் என்பதையெல்லாம் முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். அதற்கு நான் தேவையில்லை. ரிட்டயர் ஆனவனைக் கூப்பிட்டால் அறிவுரை சொல்வான் என்று நினைத்திருப்பார்கள். எனக்கு அதில் நம்பிக்கை கிடையாது. அறிவுரை சொன்னவர்களைத்தான் பார்த்திருக்கிறேன், கேட்டவன் எவனையும் பார்த்ததில்லை. அதனால் ஒரு வண்டியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அது லைனில் நடந்ததுகூட இல்லை. நான் வேலையை விட்டு வந்த பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு வீட்டு வாசலில் நடந்தது.

ஒரகடம் கார் பிளான்ட்டில், லைனில் எனக்கு இருந்த பெயர் ‘தண்ணி சார்’. வாழ்க்கையில் ஒரு சொட்டு குடிக்காதவனுக்கு இப்படி ஒரு பெயர் வைத்தார்கள் பாவிகள். செய்து முடித்த காரைச் செயற்கை மழையில் நிறுத்தி, உள்ளே எங்காவது ஈரம் இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பதுதான் வேலை. வருடக்கணக்கில் அதைச் செய்தால் பெயர் ஒட்டிக்கொள்ளும். இப்போது மணிமங்கலத்தில் சும்மா இருக்கிறேன். சும்மா இருக்க விடுகிறார்களா என்றால் இல்லை. ஐப்பசி பிறந்து நாலு தூறல் விழுந்தால் போன் வர ஆரம்பித்துவிடும். காருக்குள் தண்ணீர் வருகிறது, கால் வைக்கிற இடம் நனைகிறது, நாற்றம் தாங்கவில்லை. ஒர்க்‌ஷாப்புக்குப் போங்கள் என்பேன். போனோம் சார், ஏதோ பசையைத் தடவி அனுப்பிவிட்டார்கள் என்பார்கள். திட்டிக்கொண்டே வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்புவேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டவன் ஸ்டீபன். எங்கள் பிளான்ட்டில் பெயின்ட் ஷாப்பில் சீலர் அடிப்பவன். தகடும் தகடும் சேரும் விளிம்புகளிலும், மூட வேண்டிய துளைகளிலும் பசை பீய்ச்சும் கன்னை வைத்து ஒரு கோடு இழுத்துவிட வேண்டும். அதற்கு மேல்தான் பெயின்ட் வரும். கை நடுங்கக் கூடாத வேலை. ஸ்டீபன் அதில் கெட்டிக்காரன். ஒரகடத்துக்கும் படப்பைக்கும் நடுவில், ரோடு இன்னும் போடாத ஒரு புது நகரில் சின்னதாக வீடு கட்டிக் குடியிருந்தான். எங்கள் லைனிலேயே என்றைக்கோ இறங்கிப்போன ஒரு காரைச் செகண்ட் ஹேண்டில் வாங்கியிருந்தான். நம்ம வண்டி சார், நம்ம வண்டி சார் என்று கேன்டீனில் போட்டோ காட்டிக்கொண்டு திரிந்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது.

போனில் அவன் எடுத்த எடுப்பில், “சார், ஜெபா ஊருக்குப் போறேன்னு பெட்டி கட்டிக்கினு கீது சார்” என்றான்.

ஜெபா அவன் மனைவி. திருநெல்வேலிப் பக்கத்துப் பெண். “அதுக்கு நான் என்னப்பா பண்ணணும்?” என்றேன்.

“வண்டில தண்ணி வருது சார்.”

“இது ரெண்டுக்கும் இன்னா சம்பந்தம்?”

சொன்னான். கேட்ட பிறகு நான் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

நடந்தது இதுதான். அதற்கு முந்தின வாரம் நல்ல மழை. மூன்று பேரும் வெளியே போய்விட்டு வந்திருக்கிறார்கள். மழை விட்டிருந்தது, கேட்டுக்கு முன்னால் சேறு. ஸ்டீபன் இன்ஜினை அணைக்காமல், சாவியை அப்படியே விட்டு, கேட்டைத் திறக்க இறங்கினான். கேட் சேற்றில் சிக்கிக்கொள்ள, தள்ளிவிட ஜெபாவும் இறங்கினாள். அவர்கள் மகள் ரீனா, மூன்று வயதுகூட நிரம்பாத குழந்தை, பின் சீட்டில் தன் சின்ன நாற்காலியில் பெல்ட் மாட்டி உட்கார்ந்திருந்தாள். இரண்டு பேரும் கேட்டில் கை வைத்திருக்கும்போது பின்னால் ‘டக்’ என்று ஒரு சத்தம். நான்கு கதவும் தானாகப் பூட்டிக்கொண்டன. வைப்பர் யாரும் போடாமலே ஆடியது. குழந்தை முதலில் வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தது. அம்மாவும் அப்பாவும் கண்ணாடியில் அடிக்க அடிக்கப் பயந்து அலற ஆரம்பித்தது. கடைசியில் ஸ்டீபன் செங்கல்லால் பின் கதவுக் கண்ணாடியை உடைத்தான். ஜெபா கையை உள்ளே விட்டுக் கதவைத் திறந்ததில் முழங்கைக்குக் கீழே கிழித்துத் தையல் போட்டார்கள்.

குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் ஜெபா அன்றோடு முடிவு செய்துவிட்டாள். இந்த வண்டியில் என் பிள்ளையை ஏற்ற மாட்டேன் என்றாள். வண்டி இல்லாமல் அந்த நகரில் இருந்து மழைக்காலத்தில் ஆஸ்பத்திரிக்குக்கூடப் போக முடியாது என்பதால், இங்கே இருக்கவும் மாட்டேன் என்றாள். ஞாயிறு ராத்திரி ரயிலுக்குத் தாம்பரத்தில் இருந்து டிக்கெட் எடுத்துவிட்டாள்.

“எப்ப வருவேன்னு கேட்டேன் சார். பாக்கலாம்னு சொல்றா. பாக்கலாம்னா இன்னா சார் அர்த்தம்?” என்றான் ஸ்டீபன்.

நான் போய்ச் சேர்ந்தபோது வானம் மூடிக்கொண்டு நின்றது. உடைந்த கதவுக் கண்ணாடிக்குப் பதில் புதிது மாட்டியிருந்தான். போர்டிகோவில் பசை டியூப்கள் வரிசையாகத் தயாராக இருந்தன. விண்ட்ஷீல்டைச் சுற்றி ஒரு ரவுண்டு அடித்துவிடலாம், மழை வருவதற்குள் காய்ந்துவிடும் என்பது அவன் திட்டம். நான் வந்தது பக்கத்தில் நின்று சரி என்று தலையாட்டுவதற்கு.

“இதையெல்லாம் எடுத்துக்கினு போய் உள்ள வை” என்றேன்.

“சார், மழ வந்துடும் சார்.”

“வரட்டும். கண்ணு முன்னாடி இருந்தா கை போவும். உள்ள வை.”

நீங்கள் இதை நன்றாகக் கவனிக்க வேண்டும். அவசரம் என்று வரும்போது கையில் எது இருக்கிறதோ அதுதான் தீர்வு மாதிரித் தெரியும். சீலர் அடிப்பவனுக்குப் பசை, எலக்ட்ரீஷியனுக்கு ஃப்யூஸ், மேனேஜருக்கு மீட்டிங். தண்ணீர் எந்த வழியாக வருகிறது என்று தெரியாமல் ஒரு விளிம்பைப் பூசினால், அப்புறம் எது பழைய தப்பு, எது நீ செய்த தப்பு என்று பிரித்துப் பார்க்க முடியாது.

இடப்பக்கம் முன் சீட்டுக்குக் கீழே கார்ப்பெட்டைத் தூக்கினேன். ஊறவைத்து மறந்துபோன துணி நாற்றம். அடியில் இருந்த ஸ்பான்ஜைப் பிழிந்தால் பக்கெட்டில் தண்ணீர் நின்றது. பக்கவாட்டுத் தகட்டுக்குப் பின்னால்தான் கதவு, வைப்பர், விளக்கு எல்லாவற்றையும் ஆட்டிவைக்கும் சின்ன பெட்டி இருக்கும். அதற்குப் போகும் ஒயர் முனைகள் பச்சை பூத்துக் கிடந்தன. கதவு தானாகப் பூட்டியதில் பேயும் இல்லை பிசாசும் இல்லை. இந்தப் பெட்டி நனைந்திருக்கிறது, அவ்வளவுதான். முதல் வேலையாகக் கதவுப் பூட்டுக்கான ஃப்யூஸைப் பிடுங்கி ஸ்டீபன் கையில் கொடுத்தேன். புதுப் பெட்டி மாட்டும் வரைக்கும் கையாலேயே பூட்டு, கையாலேயே திற என்றேன்.

அதற்குள் ஜெபா வெளியே வந்தாள். கையில் கட்டு. முகத்தில் கோபம்கூட இல்லை, தீர்மானம்தான் இருந்தது. வாங்க அங்கிள் என்றாள். பின்னாலேயே ரீனா ஒரு பிளாஸ்டிக் மக்கோடு வந்து, பக்கெட்டில் பிழிந்து வைத்த அழுக்குத் தண்ணீரில் விளையாடப் பார்த்தது.

ஜெபாவிடம் கேட்டேன். “இந்த எடத்துல உக்காருறது நீதானம்மா? தண்ணி எப்பலேர்ந்து வருது?”

“வாங்குன புதுசுல மழைக்கு அப்புறம் கால் மேட்டு லேசா நசநசன்னு இருக்கும் அங்கிள். அவ்வளவுதான். பொறவு இவங்க சரி பண்ணாங்க. அதுக்கு அப்புறந்தான் என் செருப்பு மிதக்கு.”

“நீ சும்மா இரு ஜெபா. இந்த வருசம் மழ ஜாஸ்தி” என்றான் ஸ்டீபன்.

“என்னப்பா சரி பண்ண?” என்று அவனைக் கேட்டேன்.

“டோர் ரப்பர் மாத்தினேன் சார்.”

அவன் சொன்னது பொய் இல்லை. ரப்பர் புதிதாகத்தான் இருந்தது. ஆனால் சரி செய்த பிறகு அதிகமானது என்று ஒருவர் சொன்னால், அந்த வாக்கியத்தைத் தாண்டி வேறு எதையும் யோசிக்கக் கூடாது. அந்த இடத்தில் காலை வைத்து உட்கார்ந்தவர் சொல்வதுதான் நமக்குச் சாட்சி. நம் பிளான்ட்டில் அப்படி யாரும் கிடையாது. வண்டியில் இன்னும் ஒருவரும் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். அதனாலேயே நமக்குக் கேட்கிற பழக்கம் வருவதில்லை.

இங்கே கொஞ்சம் பழைய கதை ஒன்று சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் ஸ்டீபன் ஏன் அப்படிச் செய்தான் என்பது உங்களுக்குப் புரியாது. ஒரு சீசனில் ஷவர் டெஸ்ட்டில் இருந்து வரும் வண்டியெல்லாம் உள்ளே நனைந்து வந்தன. யார்டு முழுக்க ஈரக் கார்ப்பெட். கதவு ரப்பர்தான் காரணம் என்று ஒரு கூட்டம், கண்ணாடி ஒட்டியது சரியில்லை என்று இன்னொரு கூட்டம். அன்றைக்கு எங்களுக்கு மேலே இருந்த ஷிஃப்ட் இன்சார்ஜ் அதிகம் பேசாதவர். அத்தனை சத்தத்துக்கு நடுவில் அவர் ஒரு வண்டியைத் தூக்கி நிறுத்தச் சொல்லி, அடியில் போய் நின்று, தரைத் தகட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். மேனேஜர் வந்து லைனை ஓட்டச் சொல்லிக் கத்தினார். அவர் திரும்பக்கூட இல்லை. கடைசியில் ஒரு துளையைக் காட்டினார். மூட வேண்டிய துளை, மூடாமல் வந்திருக்கிறது. பெயின்ட் ஷாப்பில் விட்டுப்போயிருக்கிறது.

அதற்குப் பிறகு சீலர் பையன்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சம் இல்லை. ஷிஃப்டு ஆரம்பத்தில் நிற்க வைத்துத் திட்டு, ஷிஃப்டு முடிவில் திட்டு. ஓட்டையை விடாதே, ஓட்டையை விடாதே. வருடக்கணக்கில் இதைக் கேட்டவன் கண்ணுக்கு ஓட்டை என்றாலே தப்புதான். வெளியில் இருப்பவன் யாராவது காரின் அடியில் ஒரு துளையைப் பார்த்தால், ஏதோ காரணத்துக்கு விட்டிருக்கிறார்கள் என்று பேசாமல் போய்விடுவான். நம்மவனால் அப்படிப் போக முடியாது.

இப்போது வாசலுக்கு வருகிறேன். நம் மெஷின் எல்லாப் பக்கமும் ஒரேயடியாக அடிக்கும். வீட்டில் அப்படிச் செய்தால் ஒன்றும் தெரியாது. உள்ளே ஈரத்தையெல்லாம் துடைத்து, தகட்டின் மேல் ரீனாவின் பவுடர் டப்பாவைக் கவிழ்த்து மெல்லிசாகத் தூவினேன். தண்ணீர் வந்தால் பவுடரில் கோடு விழும். ஜெபாவை இடப்பக்கம் முன் சீட்டில், காலைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்காரச் சொன்னேன். கண்ணாடியை ஏற்றிக்கொள்ளச் சொன்னேன். உள்ளே உட்காருவதா என்று ஒரு கணம் தயங்கினாள். ஸ்டீபன் கையில் இருந்த ஃப்யூஸைக் காட்டினேன். உட்கார்ந்தாள்.

கீழிருந்து மேலே போக வேண்டும். முதலில் கதவின் அடி விளிம்பில் மக்கால் ஊற்றினேன். ஒன்றுமில்லை. கதவின் நடுவில், மேலே, ஒன்றுமில்லை. விண்ட்ஷீல்டின் ஓரத்தில் ஊற்றினேன். ஜெபா உள்ளிருந்து கையை விரித்துக் காட்டினாள். அங்கேயும் இல்லை. காலையில் அவன் சொன்ன மாதிரி கண்ணாடியைச் சுற்றிப் பூசியிருந்தால் டியூப்தான் வீணாகியிருக்கும்.

கண்ணாடிக்குக் கீழே, வைப்பர் நிற்கிற இடத்தில் ஒரு நீளமான பள்ளம் இருக்கும். கண்ணாடியில் விழும் மழை முழுக்க அங்கேதான் இறங்கும். இரண்டு முனையிலும் ஒவ்வொரு துளை. அது வழியாகத் தண்ணீர் டயருக்குப் பின்னால் தரையில் போய்விடும். வலப்பக்கம் ஊற்றினேன். வலது டயர் பக்கத்தில் தரையில் கொட்டியது. இடப்பக்கம் ஊற்றினேன். இடது டயர் பக்கம் ஒரு சொட்டு விழவில்லை. இன்னொரு மக். விழவில்லை.

அப்போது ஜெபா கண்ணாடியைத் தட்டினாள். கொஞ்சம் இறக்கி, “வருது அங்கிள். மேலேருந்து, ஃபேன் இருக்க எடத்துலேருந்து வருது” என்று சொல்லிவிட்டு மறுபடி ஏற்றிக்கொண்டாள்.

பள்ளம் நிரம்பி, உள்ளே காற்று போகிற வாய் வழியாகத் தண்ணீர் வழிகிறது. வழி தெரிந்துவிட்டது. ஏன் நிரம்புகிறது என்பதுதான் பாக்கி. இடது டயரைத் திருப்பிவைத்து, நானும் ஸ்டீபனும் பக்கத்தில் உட்கார்ந்தோம். கையை உள்ளே விட்டுத் துளையைத் தேடினேன். துளை இல்லை. இருக்க வேண்டிய இடத்தில் வழுவழுவென்று கெட்டியாக ஒன்று தட்டுப்பட்டது. விரலால் தடவிப் பார்த்தேன். சீலர். கடைப் பசையைப் பிதுக்கிவிட்ட மாதிரி இல்லை. விளிம்பு சுத்தமாக, ஒரே இழுப்பில், கடைசியில் விரலால் ஒரு நீவல். ஒர்க்‌ஷாப் பையன் யாரும் இந்த அழகில் அடிக்க மாட்டான்.

திரும்பி ஸ்டீபனைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை.

“கீழ படுத்துப் பாத்தேன் சார்” என்றான் மெதுவாக. “அந்த ஓட்டைலேர்ந்து தண்ணி சொட்டிக்கினே இருந்துச்சி. ரப்பர் ஒண்ணு தொங்கிக்கினு இருந்துச்சி. அத புடுங்கிட்டு அடச்சிட்டேன்.”

“சொட்டணும்டா. அதுக்குத்தான அந்த ஓட்டை.”

பழைய ஸ்க்ரூ டிரைவரை வைத்து நானே நெம்பினேன். நல்ல வேலை என்பதால் லேசில் வரவில்லை. வந்தபோது பள்ளத்தில் நின்ற தண்ணீர் மொத்தமும் என் கை, சட்டை, முகம் எல்லாவற்றிலும் கொட்டியது. கூடவே கறுத்து அழுகிய சாமந்தி இதழ்கள். கம்பெனி வண்டி நிறுத்தத்தில் ஆயுத பூஜைக்கு டிபார்ட்மென்ட் பசங்க நிற்கிற வண்டிக்கெல்லாம் மாலை போடுவார்கள், யார் வண்டி என்று பார்க்க மாட்டார்கள். ஸ்டீபனும் சந்தோஷமாகத் தேங்காய் வாங்கிக்கொண்டு வந்திருப்பான். மாலை வண்டியிலேயே காய்ந்து, உதிர்ந்து, அந்தப் பள்ளத்தில் இறங்கியிருக்கிறது. ஒவ்வொரு ஐப்பசியிலும் எனக்கு வரும் போன்களில் பாதி இந்த மாலையால்தான்.

ஸ்டீபன் அந்த இதழ்களைப் பார்த்தான். கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது.

“சார், பூ அடச்சிக்கினு இருந்துச்சின்னு சொல்லிடுங்க சார். பொய் இல்லயே. பூ இருக்குதுல்ல.”

நான் கையைத் துடைத்தேன்.

“தையல் போடும்போது பக்கத்துல நின்னது நான்தான் சார். அவ வலின்னு ஒரு வார்த்த சொல்லல. ரீனா, ரீனான்னு கேட்டுக்கினே இருந்தா. நான் அடச்சதாலதான் கொழந்த உள்ள மாட்டிச்சின்னு தெரிஞ்சா அவ திரும்பியே வர மாட்டா சார்.” ஜெபா இரண்டடி தள்ளி, கண்ணாடிக்கு அந்தப் பக்கம், காலைத் தூக்கி வைத்துக்கொண்டு பவுடரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அந்த வார்த்தை வாய் வரைக்கும் வந்தது. பூ என்று சொல்லிவிட்டால் முடிந்தது. ஓட்டை திறந்தாயிற்று, தண்ணீர் இனி வராது, வண்டி சரி. புருஷன் பெண்டாட்டி பஞ்சாயத்து என் வேலை இல்லை. நான் வந்தது காருக்கு.

ஆனால் யோசித்துப் பார்த்தால், பூ மட்டும் இருந்தபோது மேட் நசநசத்தது, அவ்வளவுதான். செருப்பு மிதந்ததற்குப் பூ காரணம் இல்லை. அது அந்தப் பெண்ணுக்குத் தெரியும், அவளே என்னிடம் சொன்னாள். நான் பூ என்று சொன்னால் தலையை ஆட்டிவிட்டு ரயில் ஏறுவாள். காரணம் பொருந்தவில்லை என்று அவள் மனசுக்குத் தெரிந்துகொண்டே இருக்கும். அந்த வண்டியில் பிள்ளையை ஒருநாளும் ஏற்ற மாட்டாள். வண்டி சரியாகி என்ன பிரயோஜனம்? ஷவர் டெஸ்ட்டில் இருந்தவரைக்கும், காரணம் தெரியாமல் தானாகக் காய்ந்துபோன வண்டியை நான் வெளியே விட்டதில்லை. எத்தனை பேர் கத்தினாலும் விட்டதில்லை.

“பூவ நான் சொல்றேன்” என்றேன். “மீதிய நீ சொல்லு.”

“சார்.”

“அவ என்னக் கேட்டா நான் உள்ளத சொல்லிடுவேன். அதுக்கு முன்னாடி நீ சொல்லிட்டா உனக்கு நல்லது. நான் கை கழுவப் போறேன்.”

“இன்னா சார் இப்படிப் பண்றீங்க. நம்ம டிபார்ட்மென்ட் ஆளுன்னு உங்கள கூப்பிட்டேன்.”

“அதனாலதான் சொல்றேன்” என்று எழுந்து போர்டிகோ ஓரத்துக் குழாய்க்குப் போனேன். தேவைக்கு அதிகமாகவே சோப்புப் போட்டேன்.

ஜெபா கதவைத் திறந்து இறங்கும் சத்தம் கேட்டது. கெடச்சுதா என்று கேட்டாள். அப்புறம் ஸ்டீபன் பேசினான். திக்கித் திக்கி, முன்னுக்குப் பின்னாக, ஆனால் ஒன்றையும் விடாமல் சொன்னான். பூவைப் பற்றிச் சொல்லவே இல்லை. நான்தான் அடச்சேன் ஜெபா, அதனாலதான் உள்ள தண்ணி, அதனாலதான் பூட்டிக்கிச்சி என்று முடித்தான்.

“தெரியும்” என்றாள் ஜெபா.

நான் குழாயை மூடினேன்.

“அன்னைக்கு டார்ச்சு புடிச்சது யாரு? நான்தான? இந்த ஓட்டை எதுக்கு விட்டிருக்காங்கன்னு கேட்டேம்லா. தெனமும் நான் இந்த வேலதான் பாக்கேன், நீ லைட்ட நேரா புடின்னு சொன்னீங்க.”

ஸ்டீபன் கேட்டான், “தெரிஞ்சிக்கினு ஏன் சொல்லல?”

“எனக்கு வண்டியப் பத்தி என்ன தெரியும்? சந்தேகந்தான். அங்கிள் அந்த எடத்துல கைய விட்டதும் உறுதியாயிட்டு. உங்க வாயிலேருந்து வருதான்னு பாத்துட்டு இருந்தேன்.” என்றாள். “வரலன்னா நான் போறது ஒரு வாரத்துக்கு இல்ல.”

இதைச் சொல்லும்போது அவள் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்கே கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். நல்லவேளை, அந்த நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. நான்கு பேரும் போர்டிகோவில் ஒதுங்கினோம். கார் வெளியே நனைந்தது. இடது டயருக்குப் பின்னால் கட்டை விரல் பருமனுக்குத் தண்ணீர் கொட்டியது. ரீனா மக்கை எடுத்துக்கொண்டு அதைப் பிடிக்க ஓடியது, ஜெபா இழுத்துப் பிடித்தாள்.

“டெஸ்ட்டு முடிஞ்சிட்டா அங்கிள்?” என்று கேட்டாள்.

“முடிஞ்சுதும்மா. தண்ணி போற வழியில போவுது.”

“எனக்கு முடியல” என்றாள். ஸ்டீபன் பக்கம் திரும்பினாள். “நீங்க போயி பின் சீட்டுல உக்காருங்க. ரீனா சீட்டுக்குப் பக்கத்துல. சாவிய உள்ளயே வச்சிருங்க, இன்ஜின் ஓடட்டும். நாங்க வெளிய நிக்கோம்.”

ஃப்யூஸைப் பிடுங்கியாயிற்று, தானாகப் பூட்டவே பூட்டாது என்று நான் சொன்னேன். “இருக்கட்டும் அங்கிள்” என்றாள். உங்களுக்கும் எனக்கும் அது தேவையில்லாத டெஸ்ட். அவளுக்குத் தேவைப்பட்டது. நான் போய், உள்ளே வழிந்திருந்ததைத் துடைத்து, பவுடரை மட்டும் புதிதாகத் தூவிவிட்டு வந்தேன்.

ஸ்டீபன் நனைந்துகொண்டே போய் உட்கார்ந்து கதவைச் சாத்தினான். ஜெபா குடையைப் பிடித்து, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, கார் பக்கத்தில் நின்றாள். கட்டுப் போட்ட கை கதவின் கைப்பிடி மேலேயே இருந்தது. மழை நன்றாக அடித்தது. கண்ணாடியில் ஆவி படிந்து அவன் முகம் மங்கலாகத் தெரிந்தது. ரீனா கண்ணாடியைத் தட்டி அப்பா, அப்பா என்றது. அவன் உள்ளிருந்து ஏதோ சொன்னான். வாய் அசைந்தது, எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. அப்புறம் அவன் பேசுவதை நிறுத்திவிட்டு, கண்ணாடியில் கையை வைத்தபடி மகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மழை தூறலாகக் குறைந்த பிறகுதான் ஜெபா கதவைத் திறந்தாள். ஒரே இழுப்பில் திறந்தது. முன் கதவையும் திறந்து, குனிந்து, தகட்டின் மேல் உள்ளங்கையால் தடவினாள். கையில் ஒட்டியது பவுடர் மட்டும்தான்.

ஸ்டீபன் இறங்கவில்லை. “நீங்க பேசறது ஒண்ணுமே கேக்கல ஜெபா” என்றான். “தட்டறதுதான் கேக்குது. அதுவும் பயமா கீது.” அதற்கு மேல் அவனால் முடியவில்லை, முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். அந்த ஒரு வாரத்தில் முதல் தடவையாக ஜெபாவும் அழுதாள் என்று நினைக்கிறேன். அன்னைக்கு நான் செத்தே போயிட்டேன் என்று சொல்லிச் சொல்லி அழுதாள். நான் போர்டிகோவில் சாமான்களை எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன்.

உங்களில் யாராவது சமாதானம் ஆகிவிட்டது, டிக்கெட்டைக் கேன்சல் செய்துவிட்டார்கள் என்று எதிர்பார்த்தால், இல்லை. அம்மாவைப் பார்த்து நாளாச்சு, போயிட்டு வாரேன் என்று சொல்லிவிட்டாள். பெட்டியும் கட்டியபடியே இருந்தது. வாடகை வண்டிக்குச் சொல்லவா என்று ஸ்டீபன் தயங்கித் தயங்கிக் கேட்டான்.

ஜெபா கார்ப்பெட் இல்லாத அந்த வண்டியின் பின் கதவைத் திறந்தாள். ரீனாவை அதன் நாற்காலியில் உட்கார வைத்து, பெல்ட்டைத் தானே மாட்டி, ஒரு தடவை இழுத்துப் பார்த்தாள். பிறகு தன் இடத்தில் ஏறி உட்கார்ந்து, செருப்பைக் கழற்றி, வெறும் காலைத் தகட்டின் மேல் வைத்தாள்.

“அடுத்த ஞாயித்துக்கெழம காலைல தாம்பரத்துல எறங்குவோம்” என்றாள் அவனிடம். “வண்டிய எடுத்துட்டு வாங்க.”